பேவர் பிளாக் இடுக்கில் களை: பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது, என்ன செய்யலாம்?

வேப்பமரத்தடி
ஜனவரி 5, காலை 8:10

வணக்கம். வீடு செங்கல்பட்டுப் பக்கம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் வந்து நிற்கும் பாதைக்கு, சுமார் 600 சதுர அடி, பேவர் பிளாக் போட்டிருக்கிறோம். 60 மி.மீ. கனம், இசட் வடிவக் கல். போட்டு நாலு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஒரு புல் கூடக் கிடையாது. போன வருடம் அங்கொன்று இங்கொன்று. இந்த ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் கல்லே தெரியவில்லை, ஒரே பச்சை. பொங்கலுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கோலம் போட இடமில்லை என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன்.

தீபாவளிக்கு முன்னால் இரண்டு ஆள் வைத்து ஒரு நாள் முழுக்கப் பிடுங்கினேன். மூன்று வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. அப்புறம் கார் கழுவும் பிரஷர் வாஷரால் இடுக்கெல்லாம் அடித்தேன். அன்றைக்குப் பார்க்கப் புதுக் கல் மாதிரி இருந்தது. இப்போது அந்த இடத்தில்தான் களை அதிகம்.

உரக்கடைக்காரர் ஒரு களைக்கொல்லி பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. கேட்டை ஒட்டித் தரைக்கடியில் சம்ப் (தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, மழைநீர்க் குழியும் அங்கேதான். பாட்டில் இல்லாமல் முடியுமா, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஆணியடிச்சான்
ஜனவரி 5, காலை 8:32

கல்லுப்பு பத்து கிலோ. தூவித் தண்ணீர் தெளியுங்கள். கதை முடிந்தது.


ரசமட்டம்
ஜனவரி 5, காலை 11:05

தம்பி ஆணியடிச்சான், கதை முடியும். ஆனால் அது சம்பின் கதை.

கம்பிக்கு எமன் உப்பிலுள்ள குளோரைடுதான். தூவிய உப்பு மழையில் கரைந்து இடுக்கு வழியாக இறங்கும். சம்பின் மேல்மூடி காங்கிரீட்டில் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரையோர வீடுகளில் சன்ஷேட் உதிர்ந்து கம்பி தெரிகிறதே, அதே வியாதி. மீதி உப்பு குடிக்கிற தண்ணீருக்கும் பக்கத்து மரத்தின் வேருக்கும் போகும். 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். அதனால் பாதையில் நாம் எதைக் கொட்டினாலும் அது கடைசியில் போய்ச் சேர்வது நம் போர்வெல்லுக்குத்தான். பாட்டிலை வாங்காமல் வந்தீர்களே, அது நல்ல காரியம்.

இப்போது பிரஷர் வாஷருக்கு வருவோம். பேவர் பிளாக் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் நடந்தது தானாகப் புரியும். கீழே இறுக்கிய ஜல்லிக் கலவை. அதன்மேல் ஒன்று, ஒன்றரை அங்குலம் மணல். அதன்மேல் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி, அதில் நைசான மணல். பலபேர் அந்த மணலை அழகுக்குத் தூவுவதாக நினைக்கிறார்கள். ஒரு கல்லின் மேல் டயர் ஏறும்போது பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துவதே அந்த மணல்தான். இடுக்கு நிறைந்திருக்கும்வரை அது வெறும் மணல், சத்து கிடையாது, தண்ணீர் நிற்காது, விதை விழுந்தாலும் வேர் பிடிக்கச் சிரமம்.

நீங்கள் வாஷரை வைத்து அந்த மணலைத் தோண்டி வெளியே எறிந்துவிட்டீர்கள். காலியான இடுக்கில் என்ன சேரும்? தெருப் புழுதி, வேப்பிலை மக்கு, எறும்பு தள்ளிய மண். நீங்களே 600 சதுர அடிக்கு நாற்றங்கால் தயார் செய்து கொடுத்திருக்கிறீர்கள்!

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாலைந்து செடியை வேரோடு எடுங்கள். வேர் கல்லின் பாதி ஆழத்தோடு நின்றிருந்தால் அது மேலே விழுந்த விதை. கல்லுக்குக் கீழேயும் போகிறது என்றால் வேறு ஆசாமி.


வேப்பமரத்தடி
ஜனவரி 5, மாலை 6:48

ரசமட்டம் சார், சோதித்தேன். பெரும்பாலும் நீங்கள் சொன்னபடி ஒன்றரை அங்குலத்தோடு சரி. ஒரு வெள்ளை முடி மாதிரிப் பின்னல், அதோடு கருப்பாகக் கொஞ்சம் மக்கு. ஆனால் மூன்று வகை அப்படி இல்லை.

ஒன்று, பளபளவென்று கூரான இலை, தண்டு மூன்று பட்டை. இழுத்தால் நூல் மாதிரி வந்து அறுந்துவிடுகிறது. தென்பக்க மூலையில் மட்டும். இரண்டாவது, தரையோடு படர்கிற செடி. வட்ட இலை, செந்தண்டு, கடுகளவு ஊதாப் பூ. இழுத்தால் டக்கென்று ஒடிகிறது. மூன்றாவது சாதாரணப் புல், தோட்டத்தை ஒட்டிய ஓரத்திலிருந்து கொடி மாதிரி உள்ளே வருகிறது.


கொங்குக்காடு
ஜனவரி 5, இரவு 9:20

முதலாவது கோரை. இரண்டாவது மூக்கிரட்டை. மூன்றாவது அருகம்புல். மற்றதெல்லாம் அம்மான் பச்சரிசி, குப்பைமேனி, கீழாநெல்லி, வெட்டுக்காயப்பூண்டு என்று இருக்கும், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவையெல்லாம் விதைப் பிள்ளைகள், பூக்குமுன் எடுத்தால் வம்சம் முடிந்தது. அம்மான் பச்சரிசி முளைத்து ஒரு மாதத்திலேயே விதை கட்டிவிடும். நீங்கள் தீபாவளிக்கு முன்னால் பிடுங்கியதில் பிரயோசனம் இல்லாமல் போனது அதனால்தான். இடுக்கில் கிடந்த விதையெல்லாம் மழைக்காகக் காத்திருந்தது. முதல் நல்ல மழை பெய்து இரண்டு, மூன்று வாரம் கழித்துப் பிடுங்கியிருந்தால் முளைத்த கூட்டம் மொத்தமும் கைக்கு வந்திருக்கும்.

கோரைதான் வில்லன். நான் அதோடு மல்லுக்கட்டியே வயதாகிவிட்டது. மண்ணுக்குள் கிழங்கு, அந்தக் கிழங்கிலிருந்து நூல், நூலின் முனையில் இன்னொரு கிழங்கு. மணி கோத்த மாதிரி. இலையை இழுத்தால் நூல் அறும், கிழங்கு உள்ளேயே இருக்கும், பக்கத்துக் கிழங்கும் விழித்துக்கொள்ளும். கறுப்புத் தார்ப்பாய் போட்டாலும் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு வெளியே வரும், தார் ரோட்டையே குத்திக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையில் மட்டும் என்கிறீர்கள், அங்கே நிரப்பிய கிராவலோடு கிழங்கு வந்து இறங்கியிருக்கிறது. வேறு வழியில்லை, கல்லைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

அருகம்புல்லுக்கு ஓரக்கல் வேண்டும். பிள்ளையாருக்குச் சாத்தப் பறித்துக்கொண்டே இருந்தாலும் அது தீராது.

பார்த்தீனியம் இருக்கிறதா என்று பாருங்கள். கேரட் இலை மாதிரி, வெள்ளைப் பொடிப் பூ. இருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம். என் சித்தப்பாவுக்கு முழங்கை வரை தோல் வெடித்து மாதக்கணக்கில் அவதி.


மூலிகைப்பித்தன்
ஜனவரி 6, காலை 6:15

மூக்கிரட்டை, கீழாநெல்லி, குப்பைமேனி! ஐயா, நீங்கள் களை என்று சொல்வதெல்லாம் நாட்டுமருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. மூக்கிரட்டைக் கீரையைப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்து பாருங்கள், அப்புறம் பிடுங்க மனசு வராது.


ரசமட்டம்
ஜனவரி 6, காலை 7:02

வரப்பில் வளர்ந்தால் பறித்துக் கடையுங்கள், நானும் சாப்பிட வருகிறேன். இது கார் நிற்கிற இடம். இன்ஜின் ஆயில் சொட்டு, டயர்த்தூள், தெருநாயின் புண்ணியம் எல்லாம் அந்த இடுக்கில்தான் ஊறியிருக்கிறது. அதைப் பருப்போடு கடைய வேண்டாம்.


அவசரக்காரன்
ஜனவரி 6, காலை 10:40

இவ்வளவு பேச்சு எதற்கு என்றே புரியவில்லை. கிளைபோசேட் ஒரு தடவை அடித்தால் பத்து நாளில் கோரை உட்பட எல்லாம் காய்ந்துவிடும். என் மாமனார் வீட்டில் அடித்தோம், சுத்தம். ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று வேண்டுமானால் சொல்கிறேன்.


நெறியாளர்
ஜனவரி 6, காலை 11:15

மருந்தின் அளவு, கலவை விவரங்களை இங்கே போட வேண்டாம். பொதுவான விவாதம் தொடரலாம்.


கொங்குக்காடு
ஜனவரி 6, பிற்பகல் 1:30

› ஒரு தடவை அடித்தால் பத்து நாளில் எல்லாம் காய்ந்துவிடும்

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், காயும். கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போய் வேருக்கும் கிழங்குக்கும் இறங்குகிற மருந்து. அதனால்தான் கோரையை ஒரு கை பார்க்கிறது. அதை மறுக்கவில்லை.

ஆனால் மூன்று விஷயம். இதை நீங்களும் நானும் அடிக்கலாமா என்பது ஒன்று. பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்கென்று உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட் அடிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. கேரளத்தில் 2019-லேயே விற்பனைக்குத் தடை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் இதை அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்ற வகையில் வைத்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை ஓயவில்லை. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் சம்ப் மூடியிலிருந்து ஆறடி தூரத்தில் அதை அடிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

அடுத்தது, அது முளைத்ததைக் கொல்லும், கிடக்கிற விதையை ஒன்றும் செய்யாது. அடுத்த மழைக்கு அடுத்த கூட்டம். காய்ந்த செடியையும் நீங்கள்தான் குனிந்து எடுக்க வேண்டும், விட்டால் அதுவே மக்கி அடுத்த களைக்கு உரம். குனிவது எப்படியும் தப்பாது.

கடைசியாக, சிலர் இதற்குப் பதிலாகப் பாராக்வாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை வாங்கி வந்துவிடுகிறார்கள். இலையை மட்டும் கருக்கும், கிழங்குக்குப் போகாது. உடம்புக்குள் போய்விட்டால் அதன் விஷத்தை முறிக்க மருந்தே கிடையாது. வாசலில் அடிக்கவென்று அதை வீட்டுக்குள் வாங்கி வைக்கவே கூடாது. இலங்கையில் அதைத் தடை செய்தே பல வருடம் ஆகிறது.


அவசரக்காரன்
ஜனவரி 6, பிற்பகல் 1:44

சரி சரி. குனிவதற்கு நேரம் இருக்கிறவர்கள் குனியுங்கள்.


ஸ்காபரோ_குளிர்
ஜனவரி 6, இரவு 11:50

நான் டொராண்டோ பக்கம். இங்கே இதை இன்டர்லாக் என்று சொல்லுவோம், எங்கட தெருவில் பாதி வீட்டுக்கு அதுதான். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22-இல் இருந்து வீட்டு வளவுக்கு அழகுக்காகக் களைகொல்லி அடிக்க ஏலாது, சட்டம். கடையில் கிடைக்கிறது அசெற்றிக் அமிலம் போட்டது, வினிகரின் பெரிய அண்ணன். அடிச்சால் இலை கெதியாகக் கருகும், வேர் இருக்கும், ரெண்டு கிழமையில் திரும்ப வரும். சீமெந்துக் கல்லில் அமிலம் பட்டுப் பட்டு மேல் தோலும் சொரசொரப்பாகும்.

உப்பைப் பற்றி ஒரு கதை. இங்கே பனிக்காலம் முழுக்க றோட்டிலும் வாசலிலும் உப்பைத்தான் கொட்டுகிறோம், ஐஸ் உருகவென்று. நாலு மாதம் உப்பிலே ஊறின அதே இடுக்கில் மே மாதம் களை வடிவாகப் பூத்து நிற்கும். கல்லுத்தான் பொருக்கு விட்டுப் போகும். பத்துக் கிலோ போட்டால் கதை முடியும் என்று சொன்ன தம்பி ஒருக்கா இங்கே வந்து பார்க்க வேணும்.

நாங்கள் செய்கிறது பொலிமெரிக் மணல். மணலோடு பிசின் கலந்திருக்கும். இடுக்கைச் சுத்தமாக்கி, காய விட்டு, மணலைக் கூட்டி நிரப்பி, கல்லின் மேல் ஒரு தூசு இல்லாமல் ஊதி எடுத்து, பூமழை மாதிரித் தண்ணி தெளிக்க வேணும். இறுகிவிடும். ஒரு நாளைக்கு மழை படக்கூடாது. நான் முதல் தரம் அவசரத்தில் தூசை வடிவாக ஊதாமல் தண்ணி அடிச்சு, கல்லு முழுக்க வெள்ளைப் படலம். மனுசி அதைப் பார்த்து இன்றைக்கும் சிரிக்கிறா. ஒழுங்காகப் போட்டால் சில வருசம் நிம்மதி, பிறகு அதுவும் வெடிக்கும்.


வேப்பமரத்தடி
ஜனவரி 7, காலை 7:25

அண்ணா, அந்த மணலை இங்கே இரண்டு ஹார்டுவேர் கடையில் விசாரித்தேன். ஒருவர் எம் சாண்டைக் காட்டினார். இன்னொருவர் டைல்ஸுக்குப் போடும் கிரவுட்டை எடுத்து வைத்தார்.

அதனால் நேரடியாகக் கேட்கிறேன்: இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிட்டால் என்ன?


கரண்டிக்காரன்
ஜனவரி 7, இரவு 8:55

மாதம் நாலு பேர் இதையேதான் கேட்கிறார்கள். எனக்குத் தொழில் பேவர் போடுவதுதான், பதினாலு வருடமாக. சிமெண்ட் பால் ஊற்றினால் முதல் மூன்று மாதம் அருமையாக இருக்கும். அப்புறம் சித்திரை வெயிலில் கல் நீளும், கார் ஏறும்போது கல் ஒரு மயிரிழை அசையும். மணல் கூடவே அசையும், சிமெண்ட் அசையாது, வெடிக்கும். வெடித்த கீறலில் புழுதி, புழுதியில் களை. அப்போது பிடுங்கவும் முடியாது, கொக்கி நுழைய இடம் இருக்காது. மழைத்தண்ணீரும் கீழே இறங்காமல் வீட்டுப் பக்கம் தேங்கும். நாளைக்குப் பைப் லைனுக்காகக் கல்லைப் பெயர்க்க நேர்ந்தால் ஒன்றுகூட முழுசாக வராது. பெயர்த்து மறுபடி போடலாம் என்பதற்காகத்தானே இந்தக் கல்லையே போடுகிறோம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தொழில்காரன் சொல்லக் கூடாததுதான். கல் பதித்து, இறுக்கும் மெஷின் ஓட்டி, மணல் தூவி வாரிவிட்டுக் கணக்கு முடித்துப் போய்விடுகிறோம். அந்த மணல் வண்டி ஏற ஏற, மழை பெய்யப் பெய்ய உள்ளே இறங்கும். இரண்டு வாரம் கழித்து வந்து மறுபடி நிரப்ப வேண்டும். யாரும் வருவதில்லை. நானும் முக்கால்வாசி வீட்டுக்குப் போனதில்லை.

தம்பி, உங்கள் பாதைக்குத் தோட்டப் பக்கம் ஓரக்கல் கட்டியிருக்கிறதா?


வேப்பமரத்தடி
ஜனவரி 7, இரவு 9:10

இல்லை அண்ணா. போட்டவர் "மண்ணே பிடித்துக்கொள்ளும்" என்றார். இப்போது போய்ப் பார்த்தேன், தோட்டப் பக்கக் கடைசி மூன்று வரிசையில் இடுக்கு என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருக்கிறது. அருகம்புல் அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. அவருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. நாலு வருடம் ஆயிற்று, எடுத்தாலும் என்ன கேட்பது.


கரண்டிக்காரன்
ஜனவரி 7, இரவு 9:31

அப்படியென்றால் முதல் வேலை அதுதான். கடைசி மூன்று வரிசையை எடுத்து, ஓரத்தில் கர்ப் கல் வைத்துச் சிமெண்டில் பிடித்து, கல்லை மறுபடி நெருக்கிப் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் நிரப்பும் மணலெல்லாம் தோட்டத்துக்குத்தான் போகும்.

மணலுக்கு எம் சாண்ட் வேண்டாம், பூச்சுக்கு வாங்கும் பி சாண்ட் போதும். கிரஷர் டஸ்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதிலிருக்கும் மாவு ஈரத்தைப் பிடித்து வைக்கும். முக்கியமாக, மணல் காய்ந்திருக்க வேண்டும். தார்ப்பாயில் கொட்டி இரண்டு நாள் வெயிலில் கிளறுங்கள். கையில் பிடித்தால் விரல் இடுக்கில் ஒழுக வேண்டும், உருண்டை பிடித்தால் ஆகாது. 600 சதுர அடிக்கு இடுக்கு முழுக்கக் காலி என்றால் ஐந்து மூட்டை பிடிக்கும், பாதி காலி என்றால் இரண்டு மூன்று.


மூட்டுவலி_மாமி
ஜனவரி 8, காலை 5:50

எல்லோரும் மணல், சிமெண்ட் என்று பேசுகிறீர்கள். இருக்கிற களையை எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. 64 வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது, எங்கள் வாசல் 400 சதுர அடி. நான்தான் எடுக்கிறேன். கேட்டுக்கொள் தம்பி.

முதல் நாள் ராத்திரி ஹோஸ் பைப்பில் இடுக்கு நனைய விடு. காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டுதான் கையோடு வரும். காலையில் வாசல் தெளிக்கும்போதே முக்காலி போட்டு உட்கார். குனியாதே, குந்தாதே. சாக்பீஸால் நாலு வரிசைக்கு ஒரு கோடு போட்டுக்கொள். ஒரு நாளைக்கு அந்த நாலு வரிசை, இருபது நிமிஷம். மிச்சம் நாளைக்கு. ஒரே நாளில் முடிக்கிறேன் பேர்வழி என்று இறங்கினால் மறுநாள் படுக்கைதான்.

கருவிக்குக் களைக்கொத்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், முனை கல்லில் பட்டு மழுங்கும், இடுக்கிலும் நுழையாது. கம்பி கட்டுகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார்களே, கட்டுக்கம்பியை முறுக்குகிற கொக்கி, அதை வாங்கு. முனை கூராக, லேசாக வளைந்து இருக்கும். இதற்கென்றே செய்த மாதிரி இடுக்கில் உட்காரும். ஒரு சாண் தள்ளி நுனியைச் செருகி உன் பக்கம் இழு. கர கரவென்று மக்கும் வேர்ப்பின்னலும் திரிதிரியாக மேலே வரும். செடி இருக்கிற இடத்தில் கொக்கி நின்றுவிடும், அங்கே பலம் போடாதே. கொக்கியைச் செடிக்கு அடியில் விட்டுக் கால் சுற்று திருப்பு, வெள்ளைக் கழுத்து தெரியும். அப்போது இன்னொரு கையால் கழுத்தைப் பிடித்து எடு. மூக்கிரட்டைக்கு இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும், சின்ன முள்ளங்கி மாதிரி வேர் வரும். டக்கென்று சத்தம் கேட்டால் தோற்றுவிட்டாய், பதினைந்து நாளில் அதே இடத்தில் பார்க்கலாம்.

வெந்நீர் ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பாய். இரண்டு இலை விட்ட பிஞ்சுக்கு நன்றாகக் கேட்கும், கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும், வளர்ந்ததற்குக் கேட்காது. நான் முதலில் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றினேன், மிச்சம் பிடிக்கிறேன் என்று. வாசல் பூரா எறும்பு. வெறும் தண்ணீரே ஊற்று. செருப்பு போட்டுக்கொண்டு ஊற்று, கல்லில் பட்டுக் காலில் தெறிக்கும்.

எடுத்ததை அங்கேயே ஓரமாகக் குவிக்காதே. பூத்த செடி காய்ந்தாலும் விதையை உதிர்க்கும்.


ஆணியடிச்சான்
ஜனவரி 8, காலை 9:00

மாமி, உப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


வேப்பமரத்தடி
ஜனவரி 18, மாலை 5:30

பொங்கல் முடிந்தது. மாமி சொன்னபடி செய்தேன். முதல் நாள் ஆர்வத்தில் பத்து வரிசை எடுத்து, இரண்டாம் நாள் எழுந்திருக்க முடியாமல், மூன்றாம் நாளிலிருந்து நாலு வரிசை. போகிக்குள் கேட்டிலிருந்து பாதி தூரம் சுத்தம். கோலத்துக்கு அது போதும் என்றார்கள். மீதிப் பாதியைக் காரை நிறுத்தி மறைத்துவிட்டேன்.

இடுக்கிலிருந்து வந்த மக்கு மட்டும் ஒன்றேகால் சாக்கு! ரசமட்டம் சார் நாற்றங்கால் என்று சொன்னபோது கேலி என்று நினைத்தேன்.


வேப்பமரத்தடி
பிப்ரவரி 23, இரவு 8:15

இரண்டு வேலை முடிந்தது.

ஓரக்கல் வைத்தாயிற்று. ஒரு கொத்தனார், ஒரு ஆள், இரண்டு நாள். அருகம்புல் கொடி மூன்றாவது வரிசைக்கு அடியில், படுக்கை மணலுக்குள் கயிறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் கோரை மூலை. ஆறடிக்கு நாலடி கல்லைப் பெயர்த்தோம். ஜல்லிக் கலவையே இல்லை! கிராவலைக் கொட்டி, மேலே மணலைப் பரப்பி, கல்லை வைத்திருக்கிறார்கள். ஒரு அடி ஆழம் தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்தேன். கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், நூலில் கோத்த மாதிரி கிழங்குகள். உடைத்தால் உள்ளே வெள்ளை, ஒரு கற்பூர வாசனை. எண்ண ஆரம்பித்து இருநூறுக்கு மேல் விட்டுவிட்டேன். மண்ணை வெளியே கொடுத்துவிட்டு, ஜல்லி நிரப்பி இறுக்கி, மணல் விரித்துக் கல்லைத் திரும்ப வைத்தாயிற்று.

மணல் மூன்றரை மூட்டை பிடித்தது. குறுக்காக, மூலைவாட்டில் கூட்டினால் நன்றாக இறங்குகிறது. இடுக்கு நேராகவே கூட்டினால் துடைப்பம் உள்ளே இருப்பதையும் வாரிக்கொண்டு வருகிறது. மெஷின் வாடகைக்கு எடுக்கவில்லை, காரையே நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டினேன். ஒரு வாரத்தில் அரை அங்குலம் இறங்கியது, மறுபடி நிரப்பினேன்.


கரண்டிக்காரன்
பிப்ரவரி 23, இரவு 9:02

ஜல்லி இல்லாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சித்திரையில் இன்னொரு தடவை பார்த்து நிரப்புங்கள். பிரஷர் வாஷரைக் காருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


கொங்குக்காடு
பிப்ரவரி 24, காலை 6:40

சலித்தாலும் நாலு கிழங்கு தப்பியிருக்கும். கோரை எட்டிப் பார்த்தால் விடாதீர்கள், முளைத்து மூன்று வாரத்திலேயே புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதற்குள் எடுத்துக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கு வற்றும்.


வேப்பமரத்தடி
டிசம்பர் 14, காலை 8:20

இழையை மறந்திருப்பீர்கள். மழை ஓய்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

களை வந்தது. வராமல் இல்லை. ஆனால் போன வருடம் கல் தெரியவில்லை, இந்த வருடம் எண்ண முடிகிறது. முதல் மழைக்கு மூன்றாவது வாரம் வீட்டில் மூன்று பேருமாக உட்கார்ந்தோம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பிஞ்சாக இருந்ததால் கொக்கிகூட வேண்டாம், இரண்டு விரலே போதும். நவம்பர் கடைசியில் இன்னொரு தடவை, அரை மணி நேரம். கோரை ஆனியிலிருந்து இதுவரை பதினோரு தடவை தலை காட்டியது, காட்டியவுடன் எடுத்தேன். கடைசியாக வந்தது ஐப்பசியில்.

எதிர்பாராதது வேப்பங்கன்று. ஆனி ஆடியில் பழம் விழுந்து, காக்கா எச்சம் விழுந்து, கார் நிற்கும் இடத்தில் மட்டும் நாற்பதுக்கு மேல். இதற்கு மணல் ஒன்றும் செய்யவில்லை. தினமும் பழத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. மரத்தை வெட்டச் சொல்லி யாரும் எழுத வேண்டாம், பெயரே அதை வைத்துத்தான் போட்டிருக்கிறேன்.


ரசமட்டம்
டிசம்பர் 14, காலை 10:00

வேப்பங்கன்றை நாலு இலைக்குமேல் விடாதீர்கள். வேர் பருத்தால் கல்லையே தூக்கிவிடும்.


அவசரக்காரன்
டிசம்பர் 14, பிற்பகல் 12:35

மாமனார் வீட்டில் இந்த மழைக்கு முழுசாகத் திரும்ப வந்துவிட்டது. சரி, அந்தக் கொக்கி எந்தக் கடையில் கிடைக்கும்?


மூட்டுவலி_மாமி
டிசம்பர் 14, மாலை 4:10

சிமெண்ட், கம்பி விற்கிற கடையில் கேள். மரப்பிடி போட்டதாகப் பார்த்து வாங்கு, வெறும் இரும்புப் பிடி கையைக் கொப்புளமாக்கிவிடும். இரண்டாக வாங்கு, மாமனாரும் உட்காரட்டும்.